உச்சிவெயில் குறி

செல்வம் அண்ணா, என் கண் நொள்ளை என்று பொய் சொன்னவன் நீதான்.

நேற்று மாலை திருவிழாவில், பலூன் சுடும் கடையில் ஏர்கன் 'டப்' என்றது. அந்தச் சத்தம் என்னைப் பெரியப்பாவின் உப்பளத்துக்கே இழுத்துப்போய்விட்டது. சின்ன வயதில் அங்கே உப்புக் குவியல் மேல் கொட்டாங்குச்சி வைத்துக் குறி பழகுவோம். துப்பாக்கி உன்னுடையது. வெயில் சாய்ந்த பிறகு நீ சுடுவாய். எனக்கு உச்சிவெயிலில் கொடுப்பாய். பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். வேலையாட்களே முக்காடு போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்விடும் நேரம் அது. என் குண்டெல்லாம் உப்பில்தான் புதைந்தது.

"நொள்ளைக் கண்ணுக்குத் துப்பாக்கி எதுக்குடி?" என்றாய். பெரியப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் நம்பினேன். பயந்துபோய் இன்றுவரை ஸ்கூட்டிகூட ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

நேற்று துப்பாக்கியை வாங்கிச் சுட்டேன். முதல் பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. "யக்கா, நீ இப்படியே சுட்டா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றான் கடைக்காரன். அப்பாடா என்றிருந்தது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பொங்கலுக்கு எல்லோரும் கூடுவோம். அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னால் பதில் சொல்: எனக்கு மட்டும் ஏன் உச்சிவெயில்?