சீன வைத்தியரும் என் வலது தோளும்

2004 ஜூலை 14, புதன்கிழமை, மாலை நாலு மணி ஐந்து நிமிடம். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. புழுதிக்காற்று, அதோடு கடலின் புழுக்கம் வேறு. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் லிப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சீன வைத்தியர் முன் உட்கார்ந்திருந்தேன். என் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

கட்டுமானக் கம்பெனியில் அளவெடுப்பது என் வேலை. சாரத்தில் ஏறிக் கம்பி எண்ண வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. "ஏணி ஏறிக் காட்டுங்க, ரெண்டு வருஷம் போட்டுத் தர்றேன். இல்லாட்டி கலாஸ், அதோட முடிஞ்சது சார்" என்று மதுரைக்கார மேலாளர் சொல்லிவிட்டார். ஊரில் சின்ன மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

வைத்தியர் பரம்பரை மருத்துவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஆஸ்பத்திரி மருத்துவமும் படித்தவர். தகப்பனாரின் மருந்துகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, நோயாளிகளிடம் சோதித்து, பலிக்காததை நீக்கி, மிச்சத்தைக் கல்லூரியில் பாடமாக்கியவர். ஓய்வுக்குப் பிறகு மகளோடு ஷார்ஜா வந்திருந்தார். வேரைக் கொதிக்கவை என்று சொல்லமாட்டார். கிராம் அச்சடித்த பொடிப் பொட்டலம்தான் தருவார். ஊசிகளை நம் கண்முன் உறை பிரித்துப் போடுவார். குத்தும்போதும் எண்ணினேன், எடுக்கும்போதும் எண்ணினேன். ஒருநாளும் கணக்கு தவறவில்லை. அவருடைய பழைய கதையை எனக்குச் சொன்னவள் அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பெண். அவர் பேசும் அரைகுறை ஆங்கிலம் அவளுக்குத்தான் முழுதாகப் புரியும்.

மூன்று வாரத்தில் மூன்று முறை ஊசி போட்டதில் கை சற்று அசைந்திருந்தது. அன்று என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர், ஊசித் தட்டைத் தொடாமல் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்.

"ஐயா, சீனி முன்னூற்றுப் பன்னிரண்டு நிக்குது. குளுசை போடேல்லையோ?" என்றாள் அவள்.

"சீனி மாத்திரையை நிறுத்திட்டேன்மா. நாட்டு மருந்து சாப்பிடறப்ப இங்கிலீஷ் மருந்து ஆகாதில்ல? புளி, கருவாடு, கத்தரிக்காய்கூட விட்டாச்சு."

"ஆர் சொன்னது?"

"இதை யாராவது சொல்லணுமா?"

அவள் சொல்லக் கேட்டவர் ஊசித் தட்டை மூடினார். பிறகு நெடுநேரம் பேசினார்.

"ரெண்டு மருந்தையும் ஒண்டாக் குடுக்கிற வழி தேடித்தான் தன்ர பாதி வயசு போனதாம். நீங்கள் மூண்டு கிழமையில அதைக் குழப்பிப் போட்டியளாம்." அவள் சிரிப்பை அடக்கினாள். "கத்தரிக்காய் உங்களுக்கு என்ன செய்ததெண்டும் கேக்கிறார்."

சீனி இறங்காமல் ஊசி கிடையாது. ஏறிய சீனிதான் தோளை இறுக்குகிறது என்றார். எனக்கு நாள் இல்லை என்று வாதாடினேன். நாள் இல்லாதவர் மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது என்று பதில் வந்தது. அன்றைக்குக் கட்டணமும் வாங்கவில்லை.

அன்றிரவே மாத்திரையைத் தொடங்கினேன். சீனி இறங்க இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை தூக்கம் பிடிக்கவில்லை. அதன்பின் வாரம் இரண்டு முறை ஊசி. கை காதைத் தாண்டி எழுந்தது. ஆனாலும், பத்தியம் மருந்தோடு தானே வருவது, நாமாகச் சேர்ப்பதல்ல என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

செப்டம்பர் முதல் வாரம், மேலாளர் கீழே நிற்க, ஐந்தாம் தளம் வரை சாரத்தில் ஏறினேன்.

"போதும், இறங்குங்க சார். பார்க்கிற எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது" என்றார். ஒப்பந்தக் காகிதத்தை அங்கேயே கையெழுத்திட்டுத் தந்தார்.

ஊசி, பொடி, சீனி பார்க்கும் கருவி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,305 திர்ஹாம்.