உட்கார்ந்த வண்டி

எங்கள் ஊர்ப் பக்கம் லோடு ஏறிய லாரியைப் பார்த்து ‘வண்டி உட்கார்ந்துருச்சு’ என்பார்கள். உட்கார்ந்த வண்டி ரோட்டைப் பிடிக்கும், காலி வண்டி மழையில் வாலை ஆட்டும். முப்பது வருடம் நாமக்கல் லாரிகளை ஓட்டியவன் நான். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவியால் இடது காலை ஒரு சாணுக்கு மேல் தூக்க முடியவில்லை. எங்களுடையது பழைய கார், பின்சக்கரம் தள்ளும் வகை. கொஞ்சம் எக்கித்தான் ஏற வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையடிவாரத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அக்காவைப் பார்த்துவிட வேண்டும். தாயில்லாத இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா.

“ஒரு முக்காலி போடுங்க, ஏறிக்கிறேன்” என்றாள்.

“நானிருக்க நீ முக்காலி போட்டு ஏறுவியா?” என்று எரிந்து விழுந்தேன். அன்றே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், நான்கு சுருள் ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்றை அறுக்கச் சொன்னேன். நான்கு விரற்கடை இறங்கியது கார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள்.

“இனி லோடு வண்டியாட்டம் ரோட்டைக் கவ்விக்கும் பாரு” என்று பீற்றிக்கொண்டேன்.

நாங்கள் புறப்பட்ட அன்று மத்தியானம் சேலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுக்கு நூறடி முன்னால் ஒரு செம்மண் ஏற்றம். எத்தனையோ மழையில் இதே கார் ஏறிய இடம்தான். அன்று பாதியில் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் பொதுக்கென்று அமுங்கி, ஆக்சிலுக்கு மேலே இருக்கும் தடுப்பு ரப்பரில் இடித்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாகச் சுற்றியது. பின்னுக்கு உருட்டி மறுபடி ஏற்றினேன். ஐந்து தடவை. சேறு பறந்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். அதன் தரை இவள் இடுப்பளவு. இவளைத் தூக்கிப் போகலாம் என்று நான் இரண்டடி வைத்ததும் வழுக்கியது. அவள் பயந்து கத்திவிட்டாள். திரும்பவும் காரிலேயே உட்கார வைத்தேன்.

மேலே வீட்டு ஜன்னல் தெரிந்தது. யாரோ அக்காவை நிமிர்த்திச் சாய்த்திருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி செல்போனில் பேசினார்கள்.

“வெயிலடிக்கட்டும், வாரேன்க்கா” என்றாள் இவள். திரும்பும் வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் இரண்டாவது முறை வாதம் வந்தது. வெயில் அடிக்கும் முன்பே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, சேலத்தில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, லாரி உட்காருறது லோடுனால. டயர் மேல பாரம் ஏறுது, அதனால பிடிக்குது. நீங்க ஸ்பிரிங்கை அறுத்து உட்கார வச்சிருக்கீங்க. பாரம் ஒரு கிலோகூட ஏறலைங்களே!”

பின் ஆக்சிலைப் பாடியோடு இணைக்கும் கம்பியைத் தொட்டுக் காட்டினார். முன்பு அதன் முன்நுனி மேலே பார்த்திருந்தது. ஆக்சில் தள்ளும் விசை பாடியை மேலே தூக்கும், டயரைத் தரையில் அழுத்தும். பாடியை இறக்கியதும் முன்நுனி தாழ்ந்து கோணம் தலைகீழாகிவிட்டது. இப்போது தள்ளினால் பின்பக்கம் அமுங்குகிறது, டயரின் பிடி விடுகிறது. ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் அசைய இடமில்லாததால் பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொடுவதும் இல்லை.

“பழைய ஸ்பிரிங்கே போட்டுருங்க” என்றார். போட்டேன்.

பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். அன்றும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அதே சேறு, அதே பள்ளம். இரண்டாவது கியரில் கார் முனகாமல் ஏறி, வாசலில் போய் நின்றது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“ஏறிருச்சுங்களா, மாப்பிள்ளை?” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

என்னால் இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். அவள் என்னிடம் கேட்டது ஒரு முக்காலிதான்.