உம்மாவின் மேற்குச் சுவர்

நான் சுவர் பூசுகிறவன். பதினான்கு வருஷம் வளைகுடாவில் பூசினேன். இப்போது ஏரலிலும் சுற்று ஊர்களிலும் பூசுகிறேன். என் வேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் என் கையால் ஒரு பெரிய தப்பு நடந்திருக்கிறது. அந்தச் சுவரில் கோணல் கிடையாது, வெடிப்பு கிடையாது. நான் பூசியதிலேயே நேர்த்தியான சுவர் அதுதான். என் சொந்த வீட்டில், உம்மாவின் அறையில் பூசியது.

நான் வெளிநாட்டில் இருந்தபோதுதான் உம்மாவுக்குக் கண் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற நோய். போனில் கேட்டால், "எனக்கென்னலே, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். என் மனைவியையும் சொல்ல விடவில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த அன்று, வாசலில் நின்ற என்னைப் பார்த்து உம்மா சிரிக்கவில்லை. குரல் கேட்ட பிறகுதான் சிரித்தார்கள். இரண்டு கையாலும் என் நெஞ்சிலிருந்து மேலே தடவிக்கொண்டு வந்து முகத்தைப் பிடித்தார்கள். "எளைச்சுப் போயிட்டியே" என்றார்கள். 

ஆனாலும் வீட்டுக்குள் அவர்கள் யார் கையையும் பிடித்து நடந்ததில்லை. சுவரில் விரலை ஓட்டிக்கொண்டே அறையிலிருந்து கூடத்துக்கு வருவார்கள், கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவார்கள். வாளித் தண்ணீரில் தாங்களே கை, முகம், கால் கழுவி உளூ செய்து, முசல்லாப் பாயைத் தாங்களே விரித்து ஐந்து வேளையும் தொழுதார்கள். சுவரைச் சும்மா ஒரு பிடிமானத்துக்குத் தொடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் வந்த மறு வருஷம் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது. விடியற்காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் பொழுது விடிந்து வெயில் வருவதற்குள் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. உம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினேன். இரண்டு நாள் அங்கேதான் இருந்தோம். தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்குச் சேறு. உம்மாவின் மரக்கட்டில் உப்பி மூட்டுகள் விட்டுக் கிடந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் பாளம் பாளமாகக் கொட்டியது. உம்மாவை மேலப்பாளையத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செங்கல் தெரியும்வரை எல்லாச் சுவரையும் கொத்தி எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பூச்சை மரக்கட்டையால் தேய்த்து முடிப்பார்கள். நான் வளைகுடாவில் பழகிக்கொண்டது ஸ்பாஞ்சுக் கட்டை. கைக்கு அடக்கமான பலகை, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு, மேலே ஒரு பிடி. முதல் பூச்சு இறுகியதும் அதன்மேல் தோசைக் கனத்துக்கு மேல்பூச்சு இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் புதையக் கூடாது. ரேகை மட்டும் விழ வேண்டும். அதுதான் நேரம். ஸ்பாஞ்சை நனைத்து, ஒட்டப் பிழிந்து, பைய வட்டமாகத் தேய்த்தால் பூச்சுக்குள்ளிருந்து பால் மாதிரி ஒரு கசிவு மேலே வரும். கரண்டி போன கோடுகளும் ஊசித் துளைகளும் அதில் அடைபடும். அந்த ஈரத்திலேயே இரும்புக் கரண்டியால் இழுத்து மூடிவிட வேண்டும். முந்திவிட்டால் ஸ்பாஞ்சு பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும். பிந்திவிட்டால் கல்லைத் தடவுவதுபோலத்தான். தண்ணீர் கூடிப்போனால் சிமெண்டு கழுவிக்கொண்டு போய் மணல் தலைதூக்கும். சுவர் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்துப் போகும். அப்படி ஒரு சுவரை விட்டுவிட்டுப் போனால் அங்கே மறுநாள் வேலை கிடையாது.

இரண்டு மாதம் ஊர் முழுக்க வேலை இருந்தது. பகலில் மற்றவர்கள் வீடு, கிடைத்த நேரத்தில் என் வீடு. உம்மாவின் அறையை மட்டும் அவசரப்படாமல் மூன்று நாள் எடுத்துச் செய்தேன். கண் தெரியாதவர்கள் தொடுகிற சுவர், எங்கேயும் கை உரசக் கூடாது என்று ஸ்பாஞ்சை இரண்டு தடவை ஓட்டினேன்.

உம்மா திரும்பி வந்த அன்று அவர்கள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். "தடவிப் பாருங்கம்மா."

மேலும் கீழும் தடவினார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போனார்கள். "பீங்கான் கோப்பை மாதிரி இருக்குலே" என்றார்கள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் உம்மா கூடத்தில் நடுவழியில் நின்றுவிடுவதைப் பார்த்தேன். ஒருமுறை அடுப்படி நிலையில் நெற்றி இடித்துப் புடைத்துக்கொண்டது. வெள்ளத்தின் பயம் இன்னும் போகவில்லை, வயதும் ஆகிறது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம்.

பதினோராம் நாள் வேலை சீக்கிரம் முடிந்து பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அறை வாசலில் போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். உம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தித் தொழுதுகொண்டிருந்தார்கள். மக்கா இருக்கிற மேற்கைப் பார்க்க வேண்டிய முகம் தெற்கே இருந்தது.

தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஜன்னல் இல்லாத சுவர்கள். நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாக வாங்கிய இரும்புக் கட்டிலை நான் வேறு மூலையில் போட்டிருந்தேன். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா குனிந்தார்கள், நெற்றி தரையில் பட சுஜூது செய்தார்கள், மெதுவாக எழுந்தார்கள். கடைசியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் சொல்லி முடித்துவிட்டு, "யாரு, நீயாலே? ஏன் அங்கனயே நிக்க?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மொத ரெண்டு நாள் நாந்தான் பிடிச்சுக் கொண்டு நிறுத்துனேன். அதுக்குப் பெறவு வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமிகிட்ட சொல்லிராதீங்க. தெரியாமச் செஞ்சதுக்கு அல்லா குத்தம் பிடிக்க மாட்டான். சொன்னா ஒடைஞ்சு போயிருவாங்க. இனிமே நான் கூட நின்னு பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மார்க்கத்திலும் அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் கண் தெரியாததை உம்மா என்னிடம் மறைத்தார்கள் என்று அறிந்தபோது நான் எவ்வளவு வருந்தினேன் என்பதும் தெரியும். பொழுது அடைந்ததும் தொழுகிற மஃரிப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அறைக்குள் போய் உம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உம்மா, தெச மாறிப்போச்சு. தெக்கப் பாத்துத் தொழுதுக்கிட்டு இருந்திருக்கிய."

 தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த உம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"ஒம்பது நாளு இருக்கும்மா."

"மேக்குச் சுவத்துல ஒரு வீக்கம் இருந்துச்சு" என்றார்கள். "ஒரு மழைக்குப் பூச்சு பேந்து விழுந்தப்போ ஒன் வாப்பா அள்ளி அப்புன ஒட்டு. தட்டு அகலத்துக்கு இருக்கும். அதுல கையை வச்சு, அங்கன நேரே பாயை விரிப்பேன். இப்போ நாலு சுவத்துலயும் தடவுதேன், எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. கட்டில்ல இருந்து காலடிய எண்ணிப் பாத்து, இதுதான்னு நெனைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"அம்புட்டு ஆசையாப் பூசியிருக்க. எப்படிக் கேக்க? எல்லாத்தையும் ஒங்க ரெண்டு பேருகிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தா, பெறவு நான்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

பிறகு அவர்களாகவே சொன்னார்கள். கூடத்துச் சுவரில் ஒரு நீள வெடிப்பு இருந்ததாம். அது குளியலறை வாசல்வரை கொண்டுபோய் விடுமாம். அடுப்படி நிலைக்கு முன்னால் பூச்சு உடைந்து ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்ததாம். அது தட்டுப்பட்டால் தலையைக் குனிய வேண்டும். கண் மங்க மங்க, ஆறேழு வருஷமாக, யாருக்கும் சொல்லாமல் வீட்டைக் கையால் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷங்களில் நான் யார் யாருடைய வீட்டுச் சுவர்களையோ வழுவழுப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

"என்மேல கோவமா உம்மா?"

"கோவப்பட்டு என்ன செய்ய? நீ கண்ணு தெரியிதவங்களுக்குப் பூசுத மாதிரி பூசிட்ட" என்றார்கள். குரலில் வருத்தம் இருந்தது, குத்தல் இல்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. உம்மாவை மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, வழக்கமாக எப்படிக் கை வைப்பார்களோ அப்படி வைக்கச் சொன்னேன். விரல் பட்ட உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் அகலத்துக்கு என் சுவரை நானே உளியால் கொத்தினேன். உம்மா நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பைய லே, மொத்தமாப் பேத்துராத" என்றார்கள்.

கொத்திய இடத்தை நனைத்து, சலிக்காத மணலில் கலவை போட்டு மெல்லிசாக இழுத்தேன். ரேகை விழுகிற பதம் வந்ததும் ஸ்பாஞ்சை எடுத்தேன். பிழியவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்துத் தேய்த்தேன். இத்தனை வருஷம் எது வரக் கூடாது என்று கை பழகியிருந்ததோ அதை வேண்டுமென்றே செய்யும்போது மணிக்கட்டு தானாக இறுகியது. சிமெண்டுப் பால் கோடு கோடாகக் கீழே வழிந்தது. மணல் எழும்பியது. கரண்டி போடாமல் விட்டேன்.

பூச்சு இறுகியபின் உம்மா வந்து தொட்டுப் பார்த்தார்கள். "இது பத்தாது. கை காய்ச்சிருக்குலா, எனக்கு லேசாத்தான் தெரியுது."

காய்கறி நறுக்கியும் பாத்திரம் தேய்த்தும் தோல் தடித்த விரல்கள். மறுபடி கொத்தினேன். இந்த முறை பருமணல் சேர்த்தேன். உம்மா ஓரத்தில் தொட்டு, "ஆங், இது சரி. இது என் இருட்டுக்கும் தெரியும்" என்றார்கள். பிறகு கூடத்துக்கு வந்து குளியலறைக்கு எங்கிருந்து எதுவரை, அடுப்படி நிலைக்கு எவ்வளவு முன்னால் என்று அவர்களே இடம் சொன்னார்கள். குளியலறைப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அடுப்படிக்கு முன்னால் உள்ளங்கை அளவு ஒரு சதுரம். "ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நான் சோறாக்கப் போயி குளிக்கப் போயிருவேன்" என்றார்கள். என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஒன்பது நாள் தொழுகையை உம்மா அப்படியே விட்டுவிடவில்லை. தேவையில்லை என்று நானும் சொன்னேன், மனைவியும் சொன்னாள். "ஒங்களுக்குத் தேவையில்ல. எனக்கு மனசு கேக்கல" என்றார்கள். ஒவ்வொரு வேளை தொழுகைக்குப் பிறகும் தவறிப்போன அதே வேளைக்கு ஈடான களாவை எழுந்து நின்று தொழுதார்கள். முட்டுவலி அவர்களுக்கு. நாற்காலி கொண்டுபோய் வைத்தேன், கையால் தள்ளிவிட்டார்கள். சுஜூதிலிருந்து எழும்போது தரையில் கையை ஊன்றி மூச்சு வாங்குவார்கள். அந்த நாட்களில் ஐந்து வேளையும் இரண்டு இரண்டு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நான் போய்த் தூக்கிவிட முடியாது. கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் இரவு இஷாத் தொழுகையோடு அது முடிந்தது. மறுநாள் சாயங்காலம் உம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்னைய ஆத்துப் பக்கம் ஒருக்காக் கூட்டிட்டுப் போவியா?"

நான் ஊருக்கு வந்த நாளிலிருந்து, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று அவர்கள் என்னிடம் கேட்டதில்லை. சட்டென்று கையைப் பிடித்தேன். உம்மா விடுவித்துக்கொண்டு, என் முழங்கைக்கு மேலே தாங்களே பிடித்துக்கொண்டார்கள். "நீ இழுக்காத. நான் பிடிச்சுக்கிட்டு வாரேன்."

ஆற்றங்கரையில் மரங்களில் இன்னும் கந்தல் துணியும் வைக்கோலும் தொங்கிக்கொண்டிருந்தன. படித்துறையின் கீழ்ப்படிகள் மணலில் மூடிக் கிடந்தன. உம்மா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்கள்.

"தண்ணி எம்புட்டுலே கெடக்கு?"

"நடுவுல மட்டும் ஓடுதும்மா. முழங்காலுக்கு மேல இருக்காது."

"சத்தமே கேக்கலியே."

"அம்புட்டுதான் இப்போ."

கொஞ்ச நேரம் நின்றோம். கரையில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். உம்மா என் கையை லேசாக அழுத்தினார்கள்.

"சரி, போவோம். தெருவழியா நேரே போவாத, சுத்திப் போ. வெள்ளத்துக்குப் பெறவு யாரு யாரு வீடு எப்படி இருக்குன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே வா."

முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். இடிந்தது, நின்றது, பூட்டிக் கிடப்பது, புதுக் கதவு போட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் உம்மா நின்று, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டார்கள். ஐந்து நிமிஷத் தூரம். வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.