உள்ளே போகும் தோட்டா

‘உள்ளே போகுது தானே!’ இந்த மூன்று சொற்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சொன்னவன் என் மனைவியின் தம்பி. இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்தில் இருக்கிறான். முருங்கையிலை கிடைக்காத நாட்களில் அக்கா சுருள் இலைக் கோவாக் கீரையில் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து வைத்தால், ஒரு வாய் வைத்துவிட்டு, “இது முருங்கை இல்லையே” என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கிற மனிதன். நாக்குக்கு அவ்வளவு கறார்.

அவன் போன வருடம் ஒரு பழைய ரிவோல்வர் வாங்கினான். டெனிஷ் இராணுவத்தினுடையது, நூறு வயதைத் தாண்டியது. அனுமதிப் பத்திரமெல்லாம் ஒழுங்கு. அதற்குரிய தோட்டாவைத்தான் இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. எங்கள் சில்க்போர்க் சுடும் கழகத்தில் ஓய்வுபெற்ற டெனிஷ் தச்சர் ஒருவர், கரிமருந்து என்கிற பழைய வெடிமருந்தை நிரப்பிக் கையால் செய்து தருவார். இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மச்சானுக்கு இரண்டு நிமிடம் கூடப் பொறுமை இல்லை. யாரோ ஒரு கடைக்காரன், ‘இந்தக் காலத்துத் தோட்டா ஒன்று அதற்குள் சரியாக இறங்கும்’ என்று சொல்லிவிட்டான்.

யாரோ என்று நான் தப்பிக்கொள்ளக் கூடாது. துப்பாக்கியைக் காட்ட வந்த அன்று, புதுத் தோட்டா ஒன்றின் வெறுங்கூட்டை அதன் துளைக்குள் விட்டுப் பார்த்து, “அட, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!” என்று முதலில் கைதட்டியவன் நான்தான். என் அறிவு அவ்வளவு. கழகத்தில் மூன்று வருடமாகச் சுடுகிறேன். என் குண்டுகளில் பாதி பக்கத்து ஆளின் இலக்கில்தான் விழும். அவருக்கு என்னால் நல்ல புள்ளிகள்.

பிறகுதான் தச்சர் எனக்கு விளக்கினார். கரிமருந்து மெல்லத் தள்ளும். இன்றைய மருந்து ஒரேயடியாக அறையும். அந்தக் காலத்து இரும்பு தள்ளுதலுக்குச் செய்தது, அறைதலுக்கு அல்ல. வெடித்தால் பிடித்திருக்கும் கை போகும். எனக்குத் தூக்கம் போனது. மச்சானுக்கு உடனே தொலைபேசி எடுத்து, கடைத் தோட்டாவைப் போடாதே என்றேன். “ஓம் ஓம்” என்றான்.

பழைய துப்பாக்கிப் போட்டி ஒரு சனிக்கிழமை காலை. முறைப்படி அன்று மஞ்சள் அங்கி எனக்கு. சுடவோ நிறுத்தவோ சொல்வது என் பொறுப்பு. மச்சான் மேசையில் பளபளவென்று ஒரு பெட்டியைத் திறந்து வைத்தான். கடைத் தோட்டா.

“எடு அங்கால அதை.”

“அத்தான், இது உள்ள போகுது தானே!”

“என்ர காலும் உன்ர சப்பாத்துக்குள்ள போகும். அதுக்காக ஓடுவனே?”

“ஊர்ச் சண்டைக்குள்ளால வந்த ஆள், இப்பிடிப் பயப்பிடுறியள். போன கிழமை அஞ்சு சுட்டனான். ஒண்டும் நடக்கேல்லை.”

வரிசையில் நின்ற டேனியர்கள் தமிழ் புரியாமலே சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. வெடி எப்படிக் கையைக் கொண்டுபோகும் என்று எனக்குப் போர் நடந்த ஊரிலேயே தெரியும். அதைத் தெரிந்திருப்பதற்குப் பெயர் பயமா? விசிலை ஊதி முழு வரிசையையும் நிறுத்தினேன். ஊதிய வேகத்தில் விசில் என் வாயிலிருந்து பறந்து போனது வேறு கதை.

தச்சர் வந்து ரிவோல்வரின் உருளையைக் கழற்றி விளக்கின் முன் பிடித்தார். இரண்டு துளைகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு. மச்சானின் வலக்கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துக் காட்டிவிட்டு விட்டுவிட்டார்.

ஆறாவதைச் சுட்டிருந்தால்? நினைக்கவே முடியவில்லை. இவனோ, “அது முதலே இருந்திருக்கும்” என்றான்! மன்னிப்பு இல்லை, நன்றி இல்லை.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கோவா வறை. ஒரு வாய் வைத்தான்.

“அக்கா, இது முருங்கை இல்லையே.”

கோப்பையைத் தள்ளிய அந்தக் கையில் ஐந்து விரல்களும் இருந்தன. எண்ணினேன். இன்னொரு முறையும் எண்ணினேன். பிறகு எழுந்து போய், அவன் கோப்பையில் வறையைக் கரண்டி கரண்டியாகக் குவித்தேன்.

“உள்ள போகும். சாப்பிடு.”

என்னை நிமிர்ந்து பார்த்தான். சாப்பிட்டான்.