மண் சுமக்காத ஆள்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலை வெட்டியவன் நான். மதகு வைத்தவன் நான். பிரெஞ்சு துரை கைவிரித்த பிறகு, வீட்டுக்கு ஓர் ஆளைக் கூட்டி ஏரிக்கரையை உயர்த்தியவனும் நானே. வந்தவர்களில் ஒருவன் மட்டும் மண் கூடையைத் தொடவில்லை. பரட்டைத் தலையுடன் சுட்ட பனம்பழத்தைச் சப்பி, கொட்டையைக் கரையில் புதைத்துக்கொண்டே நடப்பான்.

“இன்னாப்பா, வூட்டுக்கு ஒரு ஆள்னா, துன்றதுக்கு வந்த ஆளா நீ?”

“நீ கொட்டுற மண்ணு மழைக்கு நிக்க வாணாவாண்ணா?”

எல்லோரும் சிரித்தோம்.

பனைகள் வளர்ந்த பிறகு ஒரு புயலில் ஏரி பொங்கியது. மற்ற இடமெல்லாம் கரை உடைந்தது. பனை நின்ற பக்கத்து வயல்கள் மட்டும் பிழைத்தன. பேர் மறந்தும் ஊர் இன்றைக்கும் அவனைத்தான் புகழ்கிறது. அன்றே அவனை விரட்டாமல் விட்டது யார்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.