டெனிஸின் தோளும் அத்தானின் எண்ணெயும்

போன கிழமை முழங்கால் நோவென்று சிட்னிப் பக்கம் டூங்கபியில் வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரியிடமிருந்து உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் மணத்தது. உடனே எனக்கு அத்தானில் கோபம் வந்தது. ஐம்பது வருசமாகியும் ஆறாத கோபம், பாருங்கோ.

அத்தான் என்றால் அக்காவின் புருசன். எழுபதுகளில் நான் சிட்னிக்கு வந்து அவர்கள் வீட்டில்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. ஊரில் கல்லூரி கிரிக்கெட் அணிக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவர், இங்கே வேகப்பந்து வீச்சாளர் என்று சொல்லித் திரிந்தார். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

பின் அறையில் வாடகைக்கு இருந்தவன் டெனிஸ், அமெரிக்கன். பேஸ்பாலில் பந்து எறிவதுதான் பிழைப்பு. சின்னச் சின்ன ஊர்க் குழுக்களில் எறிந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிவிடப்பட்டு, கடைசியில் இங்கே ஒரு கிளப்புக்கு வந்து சேர்ந்தவன். கிளப்காரர் மகா கெட்டிக்காரர்! கிழமை நாளில் பெயின்ற் தொழிற்சாலையில் வாளி தூக்க விட்டார்கள், சனி ஞாயிறு எறிய விட்டார்கள். தோள் வீங்காமல் என்ன செய்யும்? அவனும் லேசுப்பட்ட ஆளில்லை. குசினிக்குள் வந்தால் பழைய வெற்றிகளை அளந்து அளந்து அக்காவின் இடியப்பத்தை முடித்துவிட்டுத்தான் எழும்புவான்.

ஒரு சனிக்கிழமை ஜப்பான் குழு ஒன்றுக்கு ஆள் பிடிக்க ஒருவர் வருவதாக இருந்தது. இதுவும் தவறினால் தகப்பனின் கோழிப்பண்ணைதான் என்று டெனிஸ் அழாக்குறையாகச் சொன்னான்.

"நாங்கள் எதுக்கு இருக்கிறம்? அவனைக் கதிரையில இருத்து," என்றார் அத்தான் என்னிடம். அதே உள்ளி எண்ணெயைச் சுடவைத்துத் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தேய்த்துத் தள்ளினார். நோவு உண்மையாகவே போய்விட்டது. டெனிஸ் கையைச் சுழற்றிச் சுழற்றிச் சிரித்தான்.

மைதானத்தில் நல்ல வெயில். வேர்வையோடு எண்ணெய் வழிந்து விரலுக்கு வந்தது. பேஸ்பாலில் பந்தில் எதையாவது பூசுவது களவு. பந்தில் துப்பித் தேய்க்கும் கிரிக்கெட்காரருக்கு இது எங்கே தெரியும்! நடுவர் பந்தை வாங்கி மணந்து பார்த்தார். டெனிஸை அந்த இடத்திலேயே வெளியேற்றினார். ஆள் பிடிக்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார்.

"அம்பயருக்கு விசர்," என்றார் அத்தான்.

டெனிஸ் கொஞ்ச நாளில் அமெரிக்கா போய்விட்டான். கிளப்பும் கலைந்தது. மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அத்தான் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். எந்தக் கொண்டாட்டத்திலும் நாலு பேரைப் பிடித்து வைத்துச் சொல்வார், "ஒரு அமெரிக்கன் பிளேயற்ற கையை நான்தான் சுகமாக்கினனான்."

பொய்யில்லை, அதுதான் எரிச்சல். போகும்போது அவனுடைய கை நல்ல சுகமாகத்தான் இருந்தது. எறியத்தான் அவனுக்கு ஒரு இடமும் இருக்கவில்லை.