தூக்கிப் பார்க்காமல் வாங்கிய ரம்பம்

விறகு வியாபாரத்தில் காய்ந்ததை விற்றால் எடை நிற்காது, ஈரத்தை விற்றால் வாடிக்கை நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவே அரியலூரில் இருபது வருஷம் கடை போட்டு நின்றவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, விக்கிரமங்கலத்திலிருந்து முள் விறகைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்று மேலே வந்தவன். வாயும் கோபமும்தான் போட்ட முதல். ஆள் வைத்து, மிஷின் வாங்கி, அதோடு மல்லுக்கட்டி அவதிப்பட்ட என் கூட்டாளிகள் யாராவது இதைப் படித்தால், நான் பட்டது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நனைந்த விறகு

எழுபதுகளின் கடைசியில் கேஸ் அடுப்பெல்லாம் ஆபீசர் வீடுகளில்தான். மற்ற எல்லாருக்கும் விறகுதான். என் கடை வாசலில் ஆள் உயரத்துக்குத் தராசு தொங்கும். நாலு மூலையிலும் சங்கிலி போட்ட பலகைத் தட்டு. அந்தத் தட்டில் ஏறாத எதையும் நான் சாமான் என்று மதித்தது கிடையாது. கனம்தான் மதிப்பு. பாத்திரம் வாங்கினாலும் கையில் ஏந்திப் பார்த்து, கனமாக இருந்தால்தான் விலை கேட்பேன்.

ஒரு அடைமழையில் முந்திரி விறகு நனைந்துபோயிற்று. தார்ப்பாய் இருந்தது. போடவில்லை. நனைந்தால் எடை நன்றாக நிற்குமே! கடைத்தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மா ஒரு வண்டி விறகு வாங்கிப்போனார். மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடியில் புகை வாசனையோடு வந்து நின்றார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் சத்தமே போடவில்லை.

"ஒங்க விறகை வெச்சேன், இருந்த நெருப்பும் அணைஞ்சு போச்சு. இதுக்கு ரெண்டு குடம் தண்ணியை நிறுத்துக் குடுத்திருந்தா, மாவாவது கரைச்சிருப்பேங்க."

இரண்டு பிடி

என்னிடம் அறுப்புக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ரத்தினம், காளியன். ஆளுக்கொரு பிடியைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கிற நீள ரம்பம். ஒரு முழத் துண்டு கேட்டால், ரத்தினம் அறுப்பது ஒரு முழம்தான், விரல்கடை கூடாது குறையாது. அந்த அளவுக்காகவே கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், காளியன் சொல்லாமல் கொள்ளாமல் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்விட்டான். மறுபிடியைப் பிடிக்க ரத்தினத்தின் பெண்சாதி அஞ்சலை வந்தது. அப்போது அது மூன்று மாதம் முழுகாமல் இருந்தது.

ரத்தினம் என்னிடம் ஒளிக்காமல் சொன்னான்: "ஐப்பசி வரைக்கும் அது இழுக்கும். அப்புறம் முடியாது. அதுக்குள்ள ஒத்தை ஆளா அறுக்க ஒரு வழி பண்ணுங்க மொதலாளி. இல்லாட்டி நாங்க சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போயிடுறோம். சம்மட்டி ஒத்தை ஆள் வேலைதானுங்களே." குவாரித் தூசியில் அவன் அண்ணன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தது எனக்கும் தெரியும். அவன் போனால் என் கடையில் அளவுத் துண்டும் போய்விடும்.

தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் மண்டபத்துக்காரர் வண்டி வெளியே காத்திருக்க, இவர்கள் நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். "தள்ளும்மா, வேகமாத் தள்ளு!" என்று கத்தினேன். அஞ்சலை ரம்பத்தை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"இதுல தள்ளுறதே கெடையாதுங்க மொதலாளி. இழுக்கணும், விடணும். ஒங்களுக்கு இந்த விடுறதுதான் வராது."

தராசில் இரண்டு ரம்பம்

பழைய மிஷின் வாங்கி விற்கும் ஹனீபா பாய் திருச்சியிலிருந்து வந்தார். மலை எஸ்டேட்டில் ஏலம் எடுத்த இரண்டு ரம்பம், சாக்கில் சுற்றி. பெட்ரோலில் ஓடும். நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புப் பட்டையைச் சுற்றிப் பல்வைத்த சங்கிலி சுழன்று அறுக்கும். ஒருவனே பிடித்து அறுக்கலாம். ஒன்று பெரிது, மூணடிப் பட்டை. மற்றது சின்னது, ஒண்ணேகால் அடிதான் இருக்கும். நான் என்ன செய்தேன்? இரண்டையும் தராசில் வைத்தேன். பெரியது சின்னதைப் போல இரண்டு மடங்கு.

விலை கேட்டால் சின்னதுதான் கூட! எனக்கு வந்ததே கோபம். "எடை பாதி, விலை ஒசத்தியா? இரும்புக் கடையில சொன்னா சிரிப்பாங்க பாய்!" பாய் பொறுமையாகச் சொன்னார், அந்த உடம்பு லேசான உலோகம், லேசாகச் செய்வதுதான் கஷ்டம், அதற்குத்தான் விலை என்று. "நாள் பூரா இதைக் கையில பிடிக்கப்போறது யாருங்க? அவரைக் கூப்பிடுங்களேன்" என்றார். ரத்தினம் பத்தடியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான், அஞ்சலையும் பக்கத்தில் நின்றது. "அவன் அறுக்கிறவன். வாங்கறவன் நான்" என்றேன்.

மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு வந்த மனுஷனைச் சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் எழுந்திருக்க விடவில்லை. பெரியதை அவர் சொன்ன விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே முடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். பாய் சின்னதைத் திரும்பச் சாக்கில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"மாஷா அல்லாஹ், பேரத்துல ஒங்களை அடிச்சுக்க ஆளில்லைங்க. ஆனா ஒண்ணு, தராசு தூக்கிப் பார்த்துச்சு, நீங்க தூக்கிப் பார்க்கலையே."

ஒரு மரமும் ஐந்நூறு கிளையும்

முதல் நாள் அரும்பாவூர்ப் பக்கம் சாய்ந்து கிடந்த புளியமரம். ஊரே கூடிவிட்டது. இரண்டு பேர் அரை நாள் இழுக்கிற அடிமரத்தைப் பெரிய ரம்பம் கொஞ்ச நேரத்தில் துண்டாக்கிவிட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். ஆனால் விறகு என்பது அடிமரம் இல்லை. தொடைக் கனம், கைக் கனம் என்று ஐந்நூறு கிளை. ஒவ்வொன்றுக்கும் குனியணும், தூக்கணும், பிடிக்கணும், இறக்கணும். அடிமரத்துக்கு அந்த மிஷின் தானாகப் படுத்துக்கொள்ளும். கிளைக்கு அதன் கனம் முழுக்க ரத்தினத்தின் தோளில்.

மூன்றாம் நாள் மத்தியானம், வேலிக்காத்தான் முள்மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது அவன் கை தளர்ந்து ரம்பம் கீழே சாய்ந்தது. கைலியின் ஓரம் கிழிந்து சங்கிலியில் சுற்றிக்கொண்டது. காலுக்கு நாலு விரல்தான் இடைவெளி. நான் ஓடிப்போய் அவனைப் பார்த்திருக்க வேண்டும். ஓடிப்போய் மிஷினைப் பார்த்தேன். "வயித்துப் புள்ளையோட பொம்பளை ரம்பம் இழுத்தா. நீ ஒரு மிஷினைத் தூக்க மாட்டேங்கிற. முடியாட்டி போடா!" என்றும் கத்தினேன். அவன் மிஷினை நிறுத்தி, சாக்கின் மேல் மெதுவாக வைத்தான். தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

"போறேங்க. அருவா காலைப் பதம் பார்த்தா கட்டுப் போட்டுக்கலாம். இது பார்த்தா கட்டுப் போடக் காலு இருக்காதுங்க."

மூட்டை தூக்குகிறவர்

ரத்தினம் மறுநாள் வரவில்லை. குடும்பத்தோடு குவாரிப் பக்கம் குடிசை போட்டுவிட்டான் என்று தகவல் வந்தது. போகட்டும், பலசாலியாக ஒருவனைப் பிடித்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். மிஷினில் தப்பு என்று மனசு ஒத்துக்கொள்ளவில்லை. என் பேரம் தப்பாகப் போகுமா? தா.பழூரில் நெல் மூட்டை தூக்கும் பழமலை என்பவரை அழைத்துவந்தேன். கழுத்து தூண் மாதிரி இருக்கும். மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறி லாரிக்குள் போவார்.

இரண்டரை நாள் அறுத்தார். துண்டுகள் முழமும் இல்லை, சாணும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானச் சோறு தின்றவர் கை கழுவிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"மூட்டைன்னா தூக்குனா எறக்கிடலாங்க. இது எறங்கவே மாட்டேங்குதுங்களே."

டீக்கடை

அதற்கு மேல் வேறு வழியில்லை. தை பிறக்கப் போகிறது, முகூர்த்த மாதம், இரண்டு மண்டபத்துக்கு அளவுத் துண்டு ஒத்துக்கொண்டிருக்கிறேன். விடிந்ததும் நானே ரம்பத்தை எடுத்தேன். கயிற்றை எட்டு தடவை இழுத்த பிறகு உறுமியது. பத்துக் கிளை அறுத்திருப்பேன். முதல் மூன்றில் "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம் பண்ணினானுங்க" என்று நினைத்தேன். ஏழாவதில் நினைப்பே நின்றுபோயிற்று. பத்தாவதில் அஞ்சலை இழுத்த ரம்பம் கண் முன்னால் வந்தது.

எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். கிளாசைக் கையில் வாங்கினால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மிஷினின் உதறல் கைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, டீ பாதி சட்டையிலும் பாதி பெஞ்சிலும். நான் குடிப்பழக்கம் இல்லாதவன், ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரர் மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதோரம் குனிந்தார்.

"காலங்காத்தாலயேவா மொதலாளி? வூட்டுல எதுவும் பிரச்சனையா?"

திருச்சியில்

முகூர்த்த மாதத்தைக் கைரம்பம், கோடாலி, வாடகை ஆள் என்று எப்படியோ தள்ளினேன். ஒரு மண்டபம் கைவிட்டுப் போயிற்று. பங்குனியில் பெரிய ரம்பத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார். சின்ன ரம்பம் இன்னும் பாய் கடையில்தான் இருந்தது.

இந்தத் தடவை தராசைத் தேடவில்லை. பெட்ரோலும் ஆயிலும் நிரப்பித் தரச் சொன்னேன், காலியாக இருக்கும்போது எல்லாமே லேசுதான். முழங்கால் உயரத்தில், கிளை கிடக்கிற உயரத்தில் பிடித்தபடி நின்றேன். பாய்க்கு வந்த டீயை அவர் ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் பிடித்தேன். கை வலித்தது, ஆனால் நடுங்கவில்லை. விறகுக்கு வாங்குகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். பட்டை நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தொடைக் கனத்துக்கு மேல் உங்கள் விறகில் எத்தனை வருகிறது என்று யோசியுங்கள். அதற்கு மேல் வருவதைப் பிளக்கக் கோடாலியும் ஆப்பும் இருக்கின்றன.

பிறகு பேரம். பெரியதை எடுத்துக்கொண்டு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டேன். பாய் சிரிக்கவே இல்லை, அதுதான் வலித்தது.

"எடுத்துக்குறேங்க, தாராளமா எடுத்துக்குறேன். அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, இரும்புக் கடைக் கணக்கு, அந்தக் கணக்குல."

குவாரி ஓரம்

மறுநாள் சின்ன ரம்பத்தோடு குவாரி ஓரக் குடிசைக்குப் போனேன். ரத்தினத்தின் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாகத் தூசி. பேசும்போது நடுவில் இருமினான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. "இதைத் தூக்கிப் பாரு" என்று மட்டும் சொல்லி நீட்டினேன். வாங்கினான். வேலியோரம் கிடந்த வேலிக்காத்தானில் நாலு துண்டு போட்டான். நாலும் ஒரே அளவு. மிஷினை நிறுத்திவிட்டுப் பெண்சாதியைப் பார்த்தான்.

அஞ்சலை இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றது. தைக் கடைசியில் பிறந்த பெண். குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ரம்பத்தை வாங்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தது. "நம்ம பாப்பாவைவிட ஒரு பிடி கூட இருக்கும், அவ்வளவுதான்" என்று அவனிடம் சொன்னது. அப்புறம் என் பக்கம் திரும்பியது. "வரோம். ஆனா மிஷினுன்னு கூலியைப் பாதியாக்கக் கூடாது. ரெண்டு பிடிக்கு என்ன குடுத்தீங்களோ அதேதான். அவரு கை ஓஞ்சா நான் பிடிப்பேன். பெட்ரோலு, ஆயிலு, பல்லு ராவுற அரம், எல்லாம் ஒங்களது." ஒரு மனுஷன் இதற்கு மறுபேச்சுப் பேச எத்தனையோ இடம் இருக்கிறது. எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ரத்தினம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமினான். சரி என்றேன். அஞ்சலை உடனே ரம்பத்தைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே, கோபமில்லாமல், என்னவோ நாளைய சமையலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னது:

"அன்னிக்குப் பத்தடியிலதான நின்னோம். கூப்பிட்டுக் கையில குடுத்திருந்தா, தராசே இல்லாம சொல்லியிருப்போமே மொதலாளி."

ஆயுசு முழுக்க எடைக்குக் காசு வாங்கியே பிழைத்த நான், இரண்டாம் பிடிக் கூலி என்று எடை இல்லாததற்குக் காசு கொடுத்தது அந்த ஒரே தடவைதான், அதுவும் பேரம் பேசாமல்.